நான்கு மேசை தள்ளி

உங்கள் ஸ்டேஷனில் இணையம் நன்றாக வருகிறது, மேடம். எங்கள் அலுவலகத்தில் லிஃப்டுக்குள் போனாலே அறுந்துவிடும். மூன்று வாரத்துக்கு முன் நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன்.

நான் ஆப் எழுதுகிறவன். இதய நோயாளியின் நெஞ்சில் ஒட்டும் சின்னக் கருவி ஒன்று, துடிப்பு தவறினால் அவருடைய போன் வழியாக எங்கள் நர்ஸுக்கு எச்சரிக்கை அனுப்பும். அனுப்பும் முறைதான் பழையது. ஆள் வீட்டு வைஃபையை விட்டுத் தெருவுக்கு வந்தால் இணைப்பு செத்துப்போகும். செத்தது ஆப்புக்கே தெரியாமல் பேசாமல் காத்திருக்கும். அதனால் ஐந்து நொடி பதில் இல்லையென்றால் மறுபடி இணைக்கும்படி நான் ஒரு ஒட்டுப் போட்டு வைத்திருந்தேன். இப்போது புதிய முறை ஒன்று வந்திருக்கிறது, அதில் அந்தத் தலைவலியே இல்லை. ஆள் எங்கே போனாலும் இணைப்பு கூடவே போகும். ஒரு தகவல் வழியில் தொலைந்தால் மற்றவை அதற்காக வரிசையில் நிற்க வேண்டாம். எங்களுக்குப் பாதி வேலை மிச்சம்.

மேலாளரிடம் இரண்டு வருடம் மன்றாடினேன். "ஓடிட்டிருக்கறதுல எதுக்குய்யா கைய வைக்கற? நிஜ ஆள வெச்சு வித்தியாசத்தக் காட்டு, மாத்திடலாம்" என்றார்.

நிஜ ஆள் என் தங்கை கணவர். ஏற்கெனவே எங்கள் கருவியை நம்பி நடமாடியவர். அவர் போனில் இரண்டு முறைகளையும் வைத்தேன். பழையதில் போவது நர்ஸுக்கு, புதியதில் போவது எனக்கு.

"உண்மையச் சொல்லுங்க மச்சான், இது நெஞ்சப் பாக்கவா, இல்ல நான் எங்க சுத்தறேன்னு உங்க தங்கச்சிக்குப் போட்டுக் குடுக்கவா?" என்று கேட்டார். நானும் சிரித்தேன்.

பழைய முறையில் இருந்த என் ஒட்டை எடுத்துவிட்டேன். அது இருந்தால் வித்தியாசம் ஏழெட்டு நொடிதான் வரும். மேலாளர் கொட்டாவி விடுவார்.

செவ்வாய் மதியம் மூன்று பத்துக்கு அவர் கேட்டைத் தாண்டித் தெருவில் விழுந்திருக்கிறார். என் போன் உடனே அதிர்ந்தது. திறந்து பார்த்தேன். நான் திறந்த நேரம் உங்கள் கையிலுள்ள என் போன் பதிவுத் தாளிலேயே இருக்கும். நர்ஸ் என்னிடமிருந்து நான்கு மேசை தள்ளி நகம் வெட்டிக்கொண்டிருந்தார். அவர் திரையில் ஒன்றுமில்லை.

எழுந்துகூட நின்றேன். ஆனால் நான் வாயைத் திறந்தால் சோதனை கெட்டுவிடும். உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்று இருபத்தொன்றுக்குத்தான் திரையில் எச்சரிக்கை வந்து, நர்ஸ் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

பிணவறை வாசலில் தங்கை என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "அண்ணா, ஒனக்கு முன்னாடியே தெரிஞ்சிருந்தா காப்பாத்தியிருப்பல்ல?"

"ஆமாம்மா" என்றேன். அவள் அதை நம்பினாள்.

மேலாளர் அந்த வாரமே சம்மதித்தார். இன்று எங்கள் நோயாளிகள் அத்தனை பேரும் புதிய முறையில் இருக்கிறார்கள். கொலை என்றே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் பதினோரு நிமிடம் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், மேடம். பத்து நிமிடம் ஐம்பத்திரண்டு நொடி. அவ்வளவு கவனமாக அளந்திருக்கிறேன்.