விசாரிக்க வேண்டியவர்

ரெஸ்யூம் எழுதுவதில் எனக்குக் கொஞ்சம் கைராசி உண்டு. எங்கள் டைல்ஸ் கம்பெனியை விட்டுப் போன நாலு பேருக்கு நான்தான் எழுதிக் கொடுத்தேன். நாலு பேரும் இன்று நன்றாக இருக்கிறார்கள். ஐந்தாவதாக எழுதியது என் தங்கைக்கு.

அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவேன். முப்பத்திரண்டு வயதாகிறது, அதனால் என்ன? அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபோது அவளுக்கு ஒன்பது வயது, எனக்கு இருபத்தேழு. தலைவாரிப் பின்னிப் பள்ளிக்கு அனுப்பியது இந்தக் கைகள்தான். படிக்க வைத்து, நான் கணக்கு மேனேஜராக இருக்கும் அறையிலேயே அக்கவுண்ட்ஸ் அசிஸ்டென்ட் வேலையும் வாங்கிக் கொடுத்தேன். எட்டு வருஷம் எதிரெதிர் மேசை. ஒரு நாள் மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக்கொண்டே என் தலையில் கல்லைத் தூக்கிப் போட்டாள்.

“அண்ணா, வெளியூர்ல வேலை தேடலாம்னு இருக்கேன். தனியா இருந்து பாக்கணும் போல இருக்கு.”

“தாராளமா தேடு” என்றேன்.

எழுதி வைத்திருந்ததைக் காட்டினாள். பில் பதிவு செய்தல், வவுச்சர்களை ஃபைலில் வைத்தல், பேங்க் கணக்கைச் சரிபார்த்தல்.

“இது நாற்காலியைப் பத்தி எழுதினது பாப்பா. அதுல உக்காந்தவ எங்க? ஒரே பில்லுக்கு ரெண்டு செக் போக இருந்ததை மூணு தடவை பிடிச்சியே, அதை எழுது. நாலு வருஷமா ஆடிட்டர் உன் ஃபைல்ல ஒரு கேள்வி கேக்கலியே, அதை எழுது.”

“அடேயப்பா, இவ்ளோ பண்ணியிருக்கேனா நான்?” என்று சிரித்தாள். மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எழுதினோம். கடைசி வரியில், விசாரிக்க வேண்டியவர் என்று என் பதவியும் நம்பரும். அண்ணன் என்று போட்டால் மதிப்பிருக்காது என்று நான்தான் சொன்னேன்.

ரெஸ்யூம் பலமாக இருந்ததால் போன இடமெல்லாம் தேறினாள். வேலை கொடுக்கும் முன் எல்லாக் கம்பெனியும் எனக்குப் போன் செய்தது. நான் ஒரு பொய்யும் சொன்னதில்லை. நல்ல பெண், வேலை சுத்தம், லீவு போடமாட்டாள் என்பேன். அப்புறம் “ஆனா…” என்று நிறுத்துவேன்.

“என்ன சார்?”

“வேண்டாம் விடுங்க. வயசுதானே, திருந்திடுவா.”

அவ்வளவுதான். கணக்குப் பார்க்கப் போகிறவளைப் பற்றி அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை.

இப்படி ஒன்பது கம்பெனி. பாப்பா இளைத்துப் போனாள். கூட்டிய தொகையையே நாலு முறை கூட்டினாள். “எங்கிட்ட ஏதோ குறை இருக்குண்ணா. எல்லாருக்கும் தெரியுது, எனக்குத்தான் தெரியல” என்று என் தோளில் சாய்ந்து அழுதாள். அவள் தலையைத் தடவிக் கொடுத்தேன். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிறான் என்று நீங்கள் நினைக்கலாம். நான் அப்படிப்பட்டவன் அல்ல. அன்று நானும்தான் அழுதேன்.

பத்தாவது கம்பெனியில் ஒரு அம்மாள் மனசு கேட்காமல், நான் போனில் இழுத்ததை அவளிடமே சொல்லிவிட்டார். பாப்பா சண்டை போடவில்லை. பழைய ரெஸ்யூமின் பின்பக்கத்தில் எழுதி வைத்துவிட்டு ஒரே ஒரு பெட்டியோடு போய்விட்டாள்.

“அண்ணா, எட்டு வருஷமும் உங்க கீழதான் வேலை பாத்தேன். என்னைப் பத்திச் சொல்ல வேற ஆள் இல்ல. இனிமேலும் உங்க நம்பரையேதான் போடப்போறேன். என்னைப் போக விடுங்க.”

மூன்று மாதம் ஒரு தகவலும் இல்லை. நேற்றுக் காலை போன் வந்தது. ஏதோ ஒரு ஊரில் ஓர் ஆஸ்பத்திரியின் கணக்குப் பிரிவு. அவள் எழுதிய தாள் என் சட்டைப் பையில்தான் இருந்தது. இந்த முறை மனசார, உள்ளதை உள்ளபடி சொன்னேன். இவளைப் போல ஒருத்தி உங்களுக்குக் கிடைக்கமாட்டாள் என்றேன்.

“ரொம்ப சந்தோஷம் சார். அப்போ எடுத்துக்கலாம் இல்ல?”

எடுத்துக்கொண்டால் அவள் அங்கேயே இருந்துவிடுவாள்.

“ஆனா…” என்றேன்.

அந்த வேலை அவளுக்குக் கிடைக்காது. கையிலிருந்த காசும் இந்நேரம் கரைந்திருக்கும், பாவம், குழந்தை எங்கே போவாள்? அவள் அறையைக் கூட்டி, படுக்கை விரிப்பை மாற்றி வைத்திருக்கிறேன். வந்தால் ஒரு வார்த்தை கேட்கமாட்டேன். அவளை நான் எப்போதோ மன்னித்துவிட்டேன்.