தரை வாங்கிய அடி

கும்மிடிப்பூண்டி லோக்கல் ரயிலில் எதிர் சீட்டில் இரண்டு பெண்கள். முழங்காலில் கட்டுப் போட்டிருந்தவர் பெருமையாகச் சொன்னார்:

"சின்ன வயசுல எம் புள்ள கீழ வுழுந்தா நான் தரையத்தான் அடிப்பேன். 'நீ ராஜாடா, உம்மேல தப்பே இல்ல'ன்னுவேன். இன்னிவரைக்கும் அவன் ஒருத்தன்கிட்டயும் சாரி கேட்டதில்ல, தெரியுமா? இப்போ கம்பெனில சூப்பர்வைசரு. கை நசுங்கி ஒருத்தன் வந்து நின்னாலும் லீவு தரமாட்டான், அவ்ளோ ஸ்ட்ரிக்டு!"

"கால்ல இன்னாக்கா கட்டு?" என்றார் பக்கத்துப் பெண்.

"நேத்து அவன் பின்னாடியே வேகமா போய்க்கினு இருந்தேன். மீஞ்சூர் ஸ்டேசன் படில வுழுந்துட்டேன்."

"அவன் தூக்கலையா?"

"'பாத்து வரத் தெரியாதா'ன்னு கத்திட்டு ட்ரெய்ன் ஏறிட்டான். சூப்பர்வைசரே லேட்டா போலாமா?"

"அக்கா, அப்போ தரைய யாரு அடிச்சது?"

"தரை இன்னாடி பண்ணும், பாவம்? நான்தான் பாத்து வந்திருக்கணும்."