இரண்டாவது ஊசி

பல் பிடுங்கப் போன இடத்தில், "ரெண்டாப் பிடுங்கினா என்ன விலை?" என்று டாக்டரைக் கேட்டவர் என் அப்பா. அந்த வீட்டில் வளர்ந்த எனக்குப் பேரத்துக்கே இடமில்லாத வேலை வாய்த்தது. வெளிநாட்டுத் துணிக் கம்பெனிக்காக இங்குள்ள தையல் ஆலைகளில் சரக்கைச் சோதிப்பது. நான் கையெழுத்துப் போட்டால் சரக்கு கப்பலேறும். போடாவிட்டால் கிடங்கில் கிடக்கும்.

அந்த வருடம் குழந்தைகள் கவுன் அவர்கள் ஊரில் விற்கவில்லை. சும்மா ஆர்டரை ரத்து செய்தால் கம்பெனி நஷ்டஈடு தர வேண்டும். சரக்கில் குற்றம் இருந்தால் வேண்டாம். மேலாளர் போனில் இதமாகத்தான் பேசினார். "மூணு ஆலையில ஒண்ணு கழியணும். எதுன்னு நீங்களே பாத்துக்கங்க."

மூன்றில் ஒன்று என் அக்கா வீட்டுக்காரருடையது. மாமா என்றுதான் கூப்பிடுவேன். மற்ற இருவரும் விவரமானவர்கள், குற்றம் சொன்னால் வக்கீலோடு வருவார்கள். மாமா நான் சொன்னால் கேட்டுக்கொள்வார். சொந்தக்காரருக்குச் சலுகை காட்டினேன் என்று யாரும் என்னைக் குறை சொல்லவும் முடியாது, பாருங்கள் சார்.

தையல் மிஷினில் ஊசி உடைந்தால், துண்டுகளை எல்லாம் தேடிப் பொறுக்கி நோட்டில் டேப் போட்டு ஒட்ட வேண்டும். ஒரு துண்டு குறைந்தாலும் அந்த மிஷின் ஓடக் கூடாது. துணிக்குள் ஒரு முனை அகப்பட்டால் மொத்தச் சரக்கும் கழிவு. மாமாவின் நோட்டில் ஒரு துண்டுகூடக் குறையவில்லை. முனையை நான்தான் கொண்டுபோனேன். ஒரு மஞ்சள் கவுனின் கழுத்து மடிப்பில் செருகினேன். பிறகு நானே கண்டுபிடித்தேன்.

"இரும்பு காட்டுற மிஷின்ல விட்டு எடுத்துட்டுத்தானே மாப்ளே பெட்டி கட்டினோம்?"

"மிஷினும் மனுஷன் மாதிரிதான் மாமா. சமயத்துல கண் அசந்துடும்."

அவர் சண்டை போடவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார். "நல்லவேளை, உன் கண்ணுல பட்டுச்சு. பச்சைக் குழந்தை கழுத்து, மாப்ளே."

உள்ளூர் வியாபாரி ஒருவரை நானே அழைத்துப் போனேன். மொத்தத்தையும் எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தார். மாமா மறுத்துவிட்டார். "இன்னொரு ஊசி இருந்தா?"

பன்னிரண்டாயிரம் கவுன்கள். வெட்டும் மேஜையில் குவித்துவைத்து, மிஷினை நம்பாமல், ஒவ்வொரு மடிப்பாக விரல்நுனியால் தடவிப் பார்த்தார். அக்காவும் உட்கார்ந்தாள். நான் தினமும் போனேன். எதிரே உட்கார்ந்து நானும் தடவினேன்.

"போதும்னு நீயாவது சொல்லேன்டா. நீ சொன்னாத்தான் கேப்பாரு" என்றாள் அக்கா.

சொன்னேன்.

"இன்னொண்ணு இல்லைன்னு உனக்கு நிச்சயமாத் தெரியுமா?" என்று கேட்டார் மாமா.

தெரியும். ஆனால் எப்படித் தெரியும் என்று அடுத்துக் கேட்பாரே. அடுத்த கவுனை எடுத்துக்கொண்டேன்.

பதினேழாம் நாள் மதியம் குவியல் மேல் தலை சாய்த்தார். கண் அயர்ந்துவிட்டார் என்று நினைத்த அக்கா, மின்விசிறியை அவர் பக்கம் திருப்பி வைத்தாள். அவள் எழுப்பப் போனபோது உடம்பு ஆறியிருந்தது.

ஊசியை வைத்தது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள். இதையும் சேர்த்து எழுதுங்கள் சார்: தைத்த பெண்களை, மெக்கானிக்கை, கடைசியில் தன் கண்ணையே அவர் சந்தேகப்பட்டார். என் மேல் அவர் வைத்திருந்த நம்பிக்கையை மட்டும் நான் கடைசிவரை கெடுக்கவில்லை.