மணி அடிக்கையில் சிரித்தவள்
"காதுக்குக் கேக்காத சத்தத்த எடுத்துட்டா பாட்டு சின்னதாயிரும்" என்று யாரோ சொன்னதும் ஜன்னலிலிருந்து திரும்பினேன். பந்தல்குடி பஸ்ஸில் என் முன் இருக்கையில் ஒரு கல்லூரிப் பையன், கையில் பிளாப்பி. பக்கத்தில் மடியில் பிள்ளையோடு அவன் அக்கா.

"பிள்ளையோட ஞானஸ்நான கேசட்ட அப்படியே கம்ப்யூட்டர்ல ஏத்துனா இதுல பத்து செகண்டு கூட நிக்காதுக்கா. எம்.பி.3 ஆக்குனா ஒரு நிமிசத்துக்கு மேல நிக்கும். மஸ்கட்டுல மச்சானுக்கு ஈமெயில்ல அனுப்பிரலாம்."

"எப்படிலே சுருங்கும்?"

"கோயில் மணி அடிக்கையில பக்கத்துல கொசு கத்துனா கேக்குமா? அப்படி அமுங்குற சத்தத்த அது விட்டுரும்."

அக்கா மடியிலிருந்த பிள்ளையைக் குனிந்து பார்த்தாள்.

"அன்னைக்குக் கோயில்ல மணி அடிக்கையிலதானலே இவ சிரிச்சா. அவுக இன்னும் பிள்ளையப் பாக்கவே இல்ல. மணியக் கேக்கவா அனுப்புறோம்?"

"கேசட்டுல சிரிப்பு கேக்குதா?"

"எனக்குக் கேக்குது."

பையன் பிளாப்பியைப் பைக்குள் வைத்தான்.

"அப்ப மணிய விட்டுருவோம். நாளைக்கு டேப்பத் தூக்கிட்டு வாரேன். ஃபேன அமத்திட்டு இவள மட்டும் சிரிக்க வச்சுப் பிடிப்போம்."

"உம் மூஞ்சியப் பாத்தா அழுதுல்ல போடுவா."

"அழுதா அதையும் அனுப்புவோம்க்கா."