இரண்டு சுழல்களும் நகர்கின்றன: பேராசிரியர் பொற்கொடி நினைவாக

மேடையில் அமர்ந்திருக்கும் துறைத்தலைவர் சாந்தாமணி அம்மையார் அவர்களே, பொற்கொடியின் கணவர் ஆல்வின் அவர்களே, வால்பாறையிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்திருக்கும் தாயார் பாவாத்தாள் அவர்களே, ஆசிரியர்களே, மாணவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

இயற்பியல் பேராசிரியர் முனைவர் பொற்கொடி சென்ற மாதம் பன்னிரண்டாம் தேதி காலமானார். வயது ஐம்பத்து நான்கு. பதினேழு ஆண்டுகள் அவருக்குப் பக்கத்து அறையில் வேலை செய்தவன் நான், சுரேந்தர்.

அவர் என்ன ஆராய்ந்தார்? அம்மா, உங்களுக்காகவும் சொல்கிறேன். ஹீலியத்தைக் கடுமையாகக் குளிரவைத்தால் அது திரவமாகி, பிறகு தடையே இல்லாமல் ஓடத் தொடங்கும். அதுதான் மீப்பாய்மம். அதை மிக மெல்லிய படலமாகப் படரவிட்டால், தொட்டியில் தண்ணீர் வடியும்போது வருவதுபோல் சுழல்கள் வரும். வலமாக ஒன்று, இடமாக ஒன்று அருகருகே இருந்தால், இரண்டும் சேர்ந்து நேராகப் போகும். குளிர் சற்றுக் குறைந்தால் சிறிது உராய்வு வந்துவிடும். அப்போது இரண்டும் போகப்போக நெருங்கி, ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். எவ்வளவு நேரத்தில்? அதுதான் பொற்கொடியின் கேள்வி.

2015இல் அதற்கு விடை எழுதினார். பல நாட்டு ஆய்வாளர்கள் அந்தக் கட்டுரையை எடுத்தாண்டார்கள். மூன்று ஆண்டுகள் கழித்து என் கணினியில் அதே சுழல்களை ஓடவிட்டேன். அவர் சொன்னதில் பாதி நேரத்திலேயே மறைந்துவிட்டன! தவறு என்னுடையது என்றுதான் நினைத்தேன். இல்லை. நெருங்கும்போது இரண்டு சுழல்களும் நகர்கின்றன. கட்டுரையின் நான்காம் பக்கக் கணக்கில் ஒன்று மட்டுமே நகர்ந்திருந்தது.

அப்போது அவருடைய பதவி உயர்வு நேர்காணலுக்கு இரண்டு வாரம்கூட இல்லை. அது முடியட்டும் என்று வாயை மூடிக்கொண்டேன். மனசு கேட்கவில்லை. எட்டாம் நாள் போய்ச் சொன்னேன். என் கணக்குத் தாளை வாங்கி, நின்றபடியே தாமும் போட்டுப் பார்த்தார்.

“ஏனுங்க சுரேந்தர், இத எப்பக் கண்டுபுடிச்சீங்க?”

“எட்டு நாளாச்சுங்க மேடம்.”

“எட்டு நாளா! இந்தத் தப்பான கணக்க நம்பி எத்தன பேரு வேல செஞ்சுட்டிருக்காங்களோ! மொத நாளே கதவத் தட்டியிருக்க வேண்டாமுங்களா?”

அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அன்று மட்டும்தான். தவறுக்காக அல்ல; தாமதத்துக்காக!

அன்று மாலையே கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக இதழுக்கு எழுதினார். நேர்காணலில் யாரும் கேட்காமலேயே அதைச் சொன்னார். பதவி கிடைத்ததா? கிடைக்கவில்லை. இன்னும் இரண்டு ஆண்டுகள் ஆயின. அந்த இரண்டு ஆண்டுகளில் ஒரு நாளாவது என்னிடம் முகம் சுளித்தாரா? ஒரு நாளும் இல்லை! திருத்திய கணக்கை இருவரும் சேர்ந்து எழுதினோம். பிறகு வெளிநாட்டு ஆய்வுக்கூடம் ஒன்று அளந்து பார்த்தது. சரியாக இருந்தது.

கடைசியாக அவர் எடுத்துக்கொண்டது மூன்று சுழல்கள். மூன்றாவது அருகில் வந்தால் முதல் இரண்டும் அழியுமா, பிழைக்குமா? மருத்துவமனைப் படுக்கையிலும் எழுதினார். கணக்கு ஓரிடத்தில் நின்றுவிட்டது. “எப்படியாச்சும் முடிச்சுப்போடலாமுங்க” என்றேன். “முடியலீன்னா, தெரியலீன்னு எழுதிப்போடுங்க. அடுத்தவங்க அங்கிருந்து ஆரம்பிச்சுக்குவாங்க” என்றார்.

நண்பர்களே, அந்தப் பணியை நம் துறை தொடரும். வரும் திங்கட்கிழமை அந்த மூன்று சுழல் கட்டுரை இதழுக்குப் போகிறது. அதன் கடைசிப் பத்தியில், “இதற்கு மேல் எங்களுக்குத் தெரியவில்லை” என்று ஒரு வரி இருக்கும். பேராசிரியர் பொற்கொடி தம் கையால் எழுதிய வரி அது. அதில் நான் கை வைக்கவில்லை.