உருகவைத்த தண்ணீர்

உறைந்த எலியை உருகவைக்க, கைக்குழந்தையைக் குளிப்பாட்டுகிற சூட்டில் தண்ணீர் இருந்தால் போதும். கொதிக்கிற தண்ணீரில் போட்டால் வெளியே வெந்துவிடும், உள்ளே கல்லாக இருக்கும். மைக்ரோவேவில் வைக்கிறவர்களும் உண்டு. ஒருமுறை வைத்தவர்கள் மறுமுறை வைப்பதில்லை.

நீங்கள் முதலில் கேட்டது வாளியைப் பற்றி என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன். ஆமாம், சலவை அறையில் இருந்த நீல வாளி என்னுடையது. அதிலிருந்த தண்ணீரும் என்னுடையதுதான்.

மரீபாவில், வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் எலி வளர்த்து விற்கிறேன். அதற்கு முன் பதினோரு வருடம் டவுன்ஸ்வில்லில் ஓர் ஆய்வகத்தில் விலங்குக் காப்பாளராக இருந்தேன். வலிக்காமல் கொல்வது எப்படி என்று அங்கேதான் கற்றுக்கொண்டேன். பெட்டிக்குள் கரியமில வாயுவை மெல்ல விட வேண்டும். வேகமாக விட்டால் எலி பயந்து சுவரைப் பிராண்டும். மெல்ல விட்டால் தூங்கிவிடும். பிறகு அளவுவாரியாகப் பிரித்து ஃப்ரீசரில் வைப்பேன். இந்தப் பக்கத்தில் பாம்பு வளர்க்கிற பாதிப் பேர் என்னிடம்தான் வாங்குகிறார்கள். என் எலிகள் யாருடைய பாம்பையும் கடித்ததில்லை.

கிளைவும் நானும் பாம்பு வளர்ப்போர் சங்கத்தில் சந்தித்தோம். கல்யாணமாகிப் பதினான்கு வருடம். எங்களுக்குள் சண்டை என்று ஒன்று உண்டென்றால் அது இதுதான்: எலியை உயிரோடு கொடுப்பதா, உறைந்ததைக் கொடுப்பதா.

“காட்டுல பாம்புக்கு யாரு ஃப்ரிட்ஜ் வச்சுக் குடுத்தா, நர்ஸம்மா?” என்பான். எலியைத் துண்டால் துடைத்து, தலையை மட்டும் ஹேர் டிரையரால் இன்னும் கொஞ்சம் சூடாக்குவேன். பாம்பு சூட்டைப் பார்த்துத்தான் கொத்தும். அதனால் எனக்கு அந்தப் பெயர்.

“காட்டுல எலிக்கு ஓடுறதுக்கு இடமிருக்கு. கண்ணாடிப் பெட்டிக்குள்ள எங்க ஓடும்? திரும்பிக் கடிக்கத்தான் செய்யும்.”

“கடிக்கட்டுமே. பாம்புக்கும் பொழுது போக வேண்டாமா?”

அவனுடையது ஸ்க்ரப் மலைப்பாம்பு. ஐந்து மீட்டருக்கு ஒரு சாண் குறைவு. அதற்கு ஜாய்ஸ் என்று என் அம்மாவின் பெயரை வைத்தான். “ஒருதடவ புடிச்சா விடவே மாட்டா” என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வான். அம்மாவும் சேர்ந்து சிரித்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் நண்பன் டூலி பீரோடு வருவான். ஜாய்ஸின் அறைக்குள் கிளைவ் உயிருள்ள கோழியை விடுவான். அது கத்துவதை டூலி ஃபோனில் படம் பிடிப்பான். நான் துணி காயப்போடப் போய்விடுவேன்.

என்னிடம் இருந்தது ஒரே ஒரு பாம்பு. கார்பெட் பைதான் வகை மலைப்பாம்பு, பெயர் பிஸ்கட். பத்தொன்பது வயது. ஆய்வகத்தில் சேர்ந்த வருடம், என் கைவிரல் தடிமனில் வந்தது. கிளைவுக்கு முன்பிருந்தே என்னோடு இருந்தது.

மே மாதம் அம்மாவுக்கு இடுப்பு அறுவைச் சிகிச்சை. மூன்று நாள் கெய்ர்ன்ஸில் தங்க வேண்டியிருந்தது. பிஸ்கட் அப்போது தோல் உரிக்க இருந்தது. அந்தச் சமயத்தில் பாம்பின் கண் பால்போல மங்கிவிடும். பார்வை தெரியாது, சாப்பிடாது. கிளைவிடம் சொன்னேன். பெட்டியின் மேல் காகிதத்திலும் எழுதி ஒட்டினேன்: எதுவும் கொடுக்காதே.

அவன் என் கொட்டகையிலிருந்து ஓர் ஆண் எலியை எடுத்து உயிரோடு உள்ளே விட்டுவிட்டு, டூலி வீட்டுக்கு ரக்பி பார்க்கப் போனான். அங்கேயே தங்கிவிட்டான். பெட்டியில் எலிக்குச் சாப்பாடு வேறு எதுவும் இல்லை.

நான் திரும்பி வந்தபோது எலி தண்ணீர்க் கிண்ணத்தின் விளிம்பில் உட்கார்ந்து மீசையைத் துடைத்துக்கொண்டிருந்தது. பிஸ்கட்டின் முதுகில் முக்கால் அடி நீளத்துக்குச் சதை இல்லை. முதுகெலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. விலா எலும்புகளை எண்ண முடிந்தது. எண்ணினேன், முப்பத்தொன்று. உயிர் இருந்தது. பாம்பு அவ்வளவு சீக்கிரம் சாகாது. மருத்துவர் ஊசி போடும்வரை என் மணிக்கட்டைச் சுற்றிக்கொண்டிருந்தது.

அந்த எலிமேல் எனக்குக் கோபமில்லை. மற்ற எலிகளைப் போலவே அதையும் மெல்லத் தூங்கவைத்தேன்.

கிளைவ் வருத்தப்பட்டான் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். “இயற்கைன்னா இப்பிடித்தான், மெரில். சில நேரம் எலி ஜெயிக்கும். வேற ஒண்ணு வாங்கிக்கலாம், விடு” என்றான்.

நான் விட்டுவிட்டேன் என்றே நினைத்தான். அடுத்த வாரம், ஜாய்ஸுக்கு இனி நானே சாப்பாடு கொடுக்கிறேன் என்றேன். கோபம் தீர்ந்ததற்கு அதை அடையாளமாக எடுத்துக்கொண்டான்.

“சரி நர்ஸம்மா, கிழவி உன் ஐஸ் எலியையே திங்கட்டும்.”

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நான்கு பெரிய எலிகளை வெளியே எடுத்து நீல வாளியில் உருகவைத்தேன். எலிகளை மாமரத்தடியில் புதைத்தேன். ஜாய்ஸுக்கு ஒன்பது வாரம் ஒன்றும் கொடுக்கவில்லை. அந்த அளவுள்ள பாம்புக்கு அது கெடுதல் அல்ல, பசி மட்டும்தான். தண்ணீரைக் கொட்டவில்லை. கிளைவ் வேலைக்குப் போடுகிற சிவப்புக் கட்டம் போட்ட ஃபிளானல் சட்டையை அதில் ஊறவைத்துக் கொடியில் உலர்த்தினேன். வெயிலில் உலர்ந்தபின் நன்றாக மடித்துவைத்தேன்.

அவனுக்கு வாசனை தெரியாது. இருபது வயதில் ரக்பி விளையாட்டில் மூக்கு உடைந்தது. டூலிக்குத் தெரிந்தது.

“என்னடா, செத்த எலி மாதிரி நாறுற?”

“எலிக்காரியக் கட்டினவன் ரோஜாப்பூ மாதிரியா மணப்பான்?”

மூன்று பேரும் சிரித்தோம். கிளைவ் வேடிக்கையான ஆள். அதை நான் ஒருபோதும் மறுத்ததில்லை.

எங்கள் சங்கத்தில் ஒரு விதி உண்டு. மூன்று மீட்டருக்கு மேலுள்ள பாம்பின் கதவைத் தனியாகத் திறக்கக் கூடாது. இரண்டாவது ஆள் வாசலில் நிற்க வேண்டும், கையில் ரம் ஊற்றிய தெளிப்பான் இருக்க வேண்டும். பிடித்த பாம்பின் வாயில் சாராயத்தை அடித்தால் விட்டுவிடும். வேறு எதற்கும் விடாது. பதினான்கு வருடமாக அவனுக்கு இரண்டாவது ஆள் நான், எனக்கு அவன். எத்தனை சண்டை போட்டாலும் அதில் மட்டும் நாங்கள் தவறியதில்லை.

சனிக்கிழமை காலை பத்தரை மணி. ஜாய்ஸின் அறையைச் சுத்தம் செய்யும் நாள். அந்தச் சிவப்புக் கட்டச் சட்டையைத்தான் போட்டிருந்தான். “நர்ஸம்மா, வா வா, காவலுக்கு நில்லு” என்று கூப்பிட்டான். போனேன். தெளிப்பான் நிறைந்திருந்தது. அதைப் பரிசோதித்தீர்கள் என்றார்கள், அது ரம்தான். நான் அதில் எதையும் மாற்றவில்லை.

ஜாய்ஸ் பலகைமேல் இருந்தது. கதவு திறந்ததும் தலையைத் தூக்கி நாக்கை நீட்டியது. நாக்கு நிற்காமல் உள்ளே வெளியே போய்வந்தது.

“பாரேன், உங்கம்மா இன்னைக்கு நல்ல மூடுல இருக்கா” என்றபடி பழைய செய்தித்தாளை எடுக்கக் குனிந்தான்.

கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் பிடித்தது. பல் இறங்கிய சத்தம் கேட்டது, ஈரத் துணியைக் கிழிப்பதுபோல. அவன் விழுவதற்குள் இரண்டு சுற்று விழுந்திருந்தது, ஒன்று மார்பில், ஒன்று கழுத்தில். ஒரு கை உள்ளே மாட்டிக்கொண்டது. அது முறிந்ததும் கேட்டது.

“மெரில், ரம்” என்றான். கத்தவில்லை. கத்தினால் மூச்சு வீணாகும் என்று தெரிந்தவன். இன்னொரு தடவை “ரம்” என்றான். மூன்றாவது தடவை உதடு மட்டும் அசைந்தது. அப்போதுதான் என்னைப் பார்த்தான். பிறகு என் கையிலிருந்த தெளிப்பானைப் பார்த்தான். பிறகு மறுபடி என்னை.

மலைப்பாம்பு மூச்சை அடைத்துக் கொல்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல, ரத்தத்தை நிறுத்துகிறது. இறுக்கம் சரியாக விழுந்தால் சில நொடிகளில் நினைவு போய்விடும். ஆனால் மனிதனுடைய தோள் அகலம், அதனால் சரியாக விழவில்லை. மூக்கிலிருந்தும் காதிலிருந்தும் ரத்தம் வந்தது. காலால் கதவை உதைத்துக்கொண்டே இருந்தான். வாசலிலிருந்து சமையலறைக் கடிகாரம் தெரியும். ஆறு நிமிடம். என் எலிகளுக்கு ஒன்றரை நிமிடம்தான் ஆகும். அந்த நான்கரை நிமிடத்துக்கு வருந்துகிறேன். அதையும் எழுதுங்கள்.

பிடிபட்டதன் இதயத்துடிப்பைப் பாம்பு தன் உடம்பால் உணரும். அது நின்ற பிறகுதான் தளர்த்தும். ஜாய்ஸ் தளர்த்தியது. தலையிலிருந்து விழுங்கப் பார்த்தது, தோளைத் தாண்ட முடியவில்லை. அப்போது ரம்மை அடித்தேன். உடனே விட்டுவிட்டது. அதைப் பலகைக்குத் திருப்பி அனுப்பினேன். வாய் எரிச்சல் அடங்கியதும் மூன்று எலி கொடுத்தேன், அன்று காலை உருகவைத்தவை. ஒன்பது வாரப் பசி அல்லவா? பிறகுதான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன்.

விபத்து என்றுதான் நீங்களும் எழுதியிருந்தீர்கள். நானாகவே காவல் நிலையத்துக்கு வந்து இதைச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. வனவிலங்கு அலுவலகத்திலிருந்து நேற்று கடிதம் வந்தது. ஆளைக் கொன்ற பாம்பு என்று ஜாய்ஸை வியாழக்கிழமை கொல்லப்போகிறார்கள். அது நியாயமில்லை. அதன் முன்னால் வந்தது எலி வாசமும் எலிச் சூடும்தான். அதற்கு வேறெதுவும் தெரியாது. கிளைவைக் கொன்றது நான். கிழமையோடு, நேரத்தோடு சொல்லிவிட்டேன். எங்கே கையெழுத்து வேண்டுமோ அங்கே போடுகிறேன், பாம்பை விட்டுவிடச் சொல்லுங்கள்.

கடிதத்தோடு வந்த படிவத்தையும் நிரப்பிக் கொண்டுவந்திருக்கிறேன். ஒரு கேள்விதான் மிச்சம்: இந்தப் பாம்புக்கு எப்போதாவது உயிருள்ள இரை கொடுக்கப்பட்டதா? கிளைவ் கோழி கொடுத்திருக்கிறான், அதைக் குறித்துக்கொள்ளுங்கள். நான் ஒருபோதும் கொடுத்ததில்லை.