நான் உலகைக் காத்த ஞாயிற்றுக்கிழமை

அவைக்கு அணியாய், எங்கள் அலட்டலுக்குக் கடிவாளமாய் வீற்றிருக்கும் தலைவர் சாயிரா பானு அம்மையார் அவர்களே, பொறுமையின் பேருருவான பெரியோர்களே, பின்வாசலில் பிரியாணி மணந்தும் எழுந்து போகாமல் அமர்ந்திருக்கும் சிராங்கூன் சாலைத் தாய்மார்களே, வணக்கம்.

உலகைக் காக்கவே பிறந்தேன் என்று ஒருவன் நம்புவது உயர்வா, உளக்கோளாறா? இந்தத் தலைப்புக்கு என்னை விட்டால் வேறு யாரை அழைப்பார்கள்? ஈசூன் வட்டார அடுக்குமாடியில் ஏழாம் மாடியில் இந்த நெய்னா முகம்மது இல்லாவிட்டால் ஏழு கண்டங்களும் என்ன ஆகும் என்று ஏங்கியவன் நான். சிரிக்காதீர்கள் அம்மா, உண்மையாகவே ஏங்கினேன். ஞாயிறுதோறும் கைப்பேசி முன் அமர்ந்து உலகுக்கு நேரலையில் உபதேசம் செய்தேன். பசியைப் பற்றிப் பேசினேன், போரைப் பற்றிப் பேசினேன், பனிமலை உருகுவதைப் பற்றி உருகி உருகிப் பேசினேன். பழைய மெத்தையைக் கீழே இறக்க மனைவி ஒரு கை கேட்டாள். மானுடத்தின் மீட்பன் மெத்தை தூக்குவதா?

அப்படி ஒரு ஞாயிறு மாலை முழங்கிக்கொண்டிருக்கிறேன். கைப்பேசி அலறியது. முதலுதவி கற்றவர்களை அழைக்கும் செயலி அது. சான்றிதழ் ஆசையில் நானும் கற்றுப் பதிந்திருந்தேன். அருகே ஒருவருக்கு இதயம் நின்றுவிட்டது, உடனே ஓடு என்றது. நான் என்ன செய்தேன்? இடையூறு என்று விரலால் தள்ளிவிட்டு உலகைத் தொடர்ந்து காத்தேன்.

விழுந்தவர் யார்? என் எதிர்வீட்டு ரத்னவேல் அண்ணன். எழுப்பியவர் யார்? ஐந்தாம் மாடித் தங்கை பவித்ரா. மின்தூக்கி அருகே மாட்டியிருந்த, செய்முறையைத் தானே பேசிச் சொல்லும் இதயமீட்புக் கருவியை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார், அண்ணனின் உயிரை மீட்டார். தவம் செய்தீர்களா, தரிசனம் கண்டீர்களா என்று பிறகு பவித்ராவிடம் கேட்டேன்.

"ஆபிஸ்ல அந்த ஃபர்ஸ்ட் எய்ட் கிளாஸ் போனா ஹாஃப் டே லீவு லா, அதான் போனேன்" என்றார்.

அப்படியானால் எனக்கிருந்தது நோயா? மருத்துவர் சொல்லட்டும். எனக்குத் தெரிந்தது வெட்கம் மட்டும்தான். முன்வரிசையில் இருக்கும் ரத்னவேல் அண்ணே, எட்டு மாதமாக உங்கள் வீட்டுக் காப்பியைக் குடித்துக்கொண்டே மறைத்ததை இந்த மேடையில் சொல்கிறேன். அன்று அந்த அழைப்பு எனக்கும் வந்தது. நான் வரவில்லை. மன்னித்துவிடுங்கள்.

என்ன சொல்கிறீர்கள் அண்ணே? ஒலிவாங்கியை அவரிடம் கொடுங்கள்.

"விடுங்க தம்பி. விழுறப்ப உங்க பேச்சைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன்" என்கிறார்.

பவித்ராவும் எழுந்துவிட்டார்.

"உங்க பேச்சு சத்தத்துல மெஷின் சொல்றது காதுல விழல அண்ணே. அதனால முதல்ல உங்களைத்தான் ஆஃப் பண்ணேன்" என்கிறார்.

கேட்டீர்களா சபையோரே? ஓர் உயிரைக் காக்க முதலில் என் வாயை அடைக்க வேண்டியிருந்திருக்கிறது. இன்று நானே அடைத்துக்கொள்கிறேன். கேட்ட காதுகளுக்கு நன்றி, ஓடிவந்த கால்களுக்கு வணக்கம்.